நியூமோகாக்கல் தடுப்பூசி: குழந்தையில் போட்டது எத்தனை வருடம் தாங்கும்?

தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்கும் கேள்விகளில் மருத்துவரைச் சற்றே தயங்க வைப்பது ஒன்று உண்டு. "நியூமோகாக்கல் ஊசி எல்லாத் தவணையும் போட்டாச்சு. இது எத்தனை வருஷம் தாங்கும்?" டெட்டனஸ் என்றால் பத்து வருடம் என்று பட்டென்று சொல்லிவிடலாம். தட்டம்மைக்கு இரண்டு தவணை போட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போதும். இந்த ஊசிக்கு மட்டும் அப்படி ஒற்றை எண் சொல்ல முடிவதில்லை. 'தாங்கும்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே நாலைந்து வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருப்பதுதான் காரணம்.

அவசரமாகப் பதில் வேண்டுவோருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான குழந்தை, தவணைகளை ஒழுங்காக முடித்திருந்தால், ரத்தத்திலும் மூளை உறையிலும் பரவும் கடும் நோய்க்கு எதிராகக் குறைந்தது ஐந்தாறு வருடமாவது பாதுகாப்பு நிற்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் கிருமி குடியேறாமல் தடுக்கும் திறன் அதைவிடச் சீக்கிரம் தேய்ந்துபோகும். பள்ளிக்கூட வயதில் ஆரோக்கியமான பிள்ளைக்கு மறுபடியும் ஊசி தேவையில்லை. ஏன் தேவையில்லை என்பதற்கான காரணம்தான் பலரும் நினைப்பதிலிருந்து வேறுபடுகிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை 1881-இல் பிரான்ஸில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். பெயரைக் கேட்டால் நுரையீரல் கிருமி என்று தோன்றும். உண்மையில் அதன் சொந்த வீடு சிறுபிள்ளைகளின் மூக்கின் பின்பகுதிதான். அங்கே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருந்துவிட்டுப் போய்விடும். எப்போதாவது ஒருமுறை காதுக்கோ நுரையீரலுக்கோ போகும். இன்னும் அரிதாக ரத்தத்துக்குள் புகுந்து மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். தடுப்பூசிகள் ஓரளவு பரவிய பிறகும், 2015-இல் ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் இந்தக் கிருமியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது.

இந்தக் கிருமியின் பலம் அதைச் சுற்றியுள்ள சர்க்கரை உறை. அந்த உறை இருப்பதால் வெள்ளணுக்களால் அதை எளிதில் பிடித்து விழுங்க முடிவதில்லை. உறையின் அமைப்பை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வகைக்கு எதிராக உண்டாகும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இன்னொரு வகையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஆகவே 'நியூமோகாக்கல் தடுப்பூசி' என்பது உண்மையில் ஒரே சிரிஞ்சுக்குள் இருக்கும் பத்து, பதின்மூன்று, இருபது தடுப்பூசிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் தேயும்.

முதலில் வந்தவை வெறும் சர்க்கரை உறையை மட்டும் சுத்தப்படுத்திச் செய்தவை. 23 வகைகள் கொண்ட அப்படிப்பட்ட ஊசி 1983-இல் வந்தது; இன்றும் பயன்பாட்டில் உள்ளது. பெரியவர்களுக்கு அது வேலை செய்தது. யாருக்கு அதிகம் தேவையோ அந்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் தோற்றுப்போனது. வெறும் சர்க்கரையைக் கண்டு எதிர்ப்பொருள் செய்யும் ஏற்பாடு, குறிப்பாக மண்ணீரலில் உள்ள ஒரு பகுதி, அந்த வயதில் இன்னும் முதிர்ந்திருக்காது. பெரியவர்களிடம்கூட இந்த ஊசி, ஒருமுறை சந்தித்த கிருமியை ஞாபகம் வைத்திருக்கும் நினைவுச் செல்களைச் சரியாக உருவாக்குவதில்லை. சில வருடங்களில் பாதுகாப்பு இறங்கிவிடுகிறது.

சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் உடல் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளும் என்பதை ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரியும் வால்டர் கோபெலும் 1931-இலேயே முயல்களில் காட்டிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 3-ஆம் வகையின் உறை. அந்த 3-ஆம் வகை பிறகு மறுபடியும் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த யோசனை குழந்தைகளுக்கான நியூமோகாக்கல் ஊசியாக மாற ஏறத்தாழ எழுபது வருடம் ஆனது. ஏழு வகைகள் கொண்ட இணைப்புத் தடுப்பூசி, அதாவது பிசிவி7, 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரும்பாலும் டிப்தீரியா நச்சின் தீங்கற்ற வடிவம் ஒன்றைத்தான் இந்த ஊசிகளில் புரதமாகச் சேர்க்கிறார்கள். வடக்கு கலிஃபோர்னியாவில் 37,868 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ஊசியில் உள்ள வகைகளால் வரும் கடும் நோயை அது 97 சதவீதம் தடுத்தது. பிறகு பத்து, பதின்மூன்று, பதினைந்து, இருபது என்று வகைகள் கூடிக்கொண்டே வந்தன.

சரி, ஊசி போட்ட பிறகு உடலுக்குள் என்ன நடக்கிறது? கடைசித் தவணைக்கு ஒரு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு உச்சத்தில் இருக்கும். அடுத்த ஆறு மாதம், ஒரு வருடத்தில் மளமளவென்று இறங்கும். ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளின் ஆயுள் குறைவு. சுமார் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். புதிதாகச் செய்துகொண்டே இருக்கும் செல்களில் பல சீக்கிரம் மடிந்துவிடும். சில மட்டும் எலும்பு மஜ்ஜையில் போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டிருக்கும். அதனால் முதலில் செங்குத்தாக இறங்கும் கோடு பிறகு மெதுவாகச் சாய்ந்து போகும்.

இந்தக் கோட்டைப் பார்த்துப் பலரும் பதறுகிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.35 மைக்ரோகிராம் என்பது பாதுகாப்பின் எல்லை, மூன்று வயதில் அதற்குக் கீழே போய்விட்டால் ஊசி 'காலாவதி' என்று நினைக்கிறார்கள். அந்த எண் அதற்காகப் பிறந்தது இல்லை. கலிஃபோர்னியா, அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகள், தென் ஆப்பிரிக்கா ஆகிய மூன்று பெரிய சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து, புதிய ஊசிகளைப் பழைய ஊசியோடு ஒப்பிட உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவுகோல் அது. முதல் கட்டத் தவணைகள் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு கூட்டத்தில் எத்தனை குழந்தைகள் அந்த அளவைத் தொட்டார்கள் என்று பார்ப்பதற்கானது. ஒரு தனிக் குழந்தையின் ரத்தத்தை எடுத்து, இவள் பத்திரம், அவன் பத்திரமில்லை என்று தீர்ப்புச் சொல்ல அது உதவாது. வகைக்கு வகை தேவைப்படும் அளவும் மாறும். காதுத் தொற்றைத் தடுக்க இன்னும் அதிகம் வேண்டும். மூக்கில் குடியேறாமல் தடுக்க அதையும்விட அதிகம் வேண்டும்.

எதிர்ப்பொருள் இறங்கினால் என்ன, நினைவுச் செல்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிருமி வந்ததும் அவை விழித்துக்கொண்டு எதிர்ப்பொருளைச் செய்யும். ஆனால் அதற்கு நாலு நாள், ஒரு வாரம் ஆகும். மஞ்சள் காமாலை பி போன்ற நோய்கள் உடலில் முதிர்வதற்கு வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அங்கே நினைவுச் செல்களுக்கு நேரம் போதும். மூக்கிலிருந்து ரத்தத்துக்குப் பாயும் கிருமி அவ்வளவு அவகாசம் தருவதில்லை. இதே பாடத்தை இன்னொரு மூளைக்காய்ச்சல் கிருமி பிரிட்டனுக்குக் கற்றுக்கொடுத்தது. 1999-இல் அங்கே மெனிங்கோகாக்கஸ் சி வகைக்கான இணைப்புத் தடுப்பூசியைப் பச்சிளங் குழந்தைகளுக்கு மூன்று தவணையாகக் கொடுத்தார்கள், பூஸ்டர் இல்லாமல். முதல் வருடம் பிரமாதமாக வேலை செய்தது. ஒரு வருடம் கழிந்ததும் அந்தக் குழந்தைகளிடம் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. நினைவுச் செல்கள் இருந்தும் அவை நேரத்துக்கு வந்து சேரவில்லை. 2006-இல் பூஸ்டர் சேர்த்தார்கள்.

நியூமோகாக்கல் ஊசிக்கும் அதே கதி ஆகியிருக்கலாம். ஆகவில்லை என்பதற்கு நம்மிடம் உள்ள தெளிவான சான்று தென் ஆப்பிரிக்காவின் சொவெட்டோவிலிருந்து வருகிறது. 1998 முதல் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகளிடம் ஒன்பது வகைகள் கொண்ட ஊசியைச் சோதித்தார்கள். 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை, பூஸ்டர் கிடையாது. ஹெச்ஐவி இல்லாத குழந்தைகளில், ஊசியில் உள்ள வகைகளால் வரும் கடும் நோய் 83 சதவீதம் குறைந்தது. அதோடு விடாமல் ஆறு வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். அப்போதும் கணக்கு 78 சதவீதத்தில் நின்றது. எதிர்ப்பொருள் அளவும் ஊசி போடாத பிள்ளைகளைவிட மேலேயே இருந்தது.

இந்த ஆய்வை நான் இவ்வளவு தூக்கிப்பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் தென் ஆப்பிரிக்காவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஊசி போடும் திட்டம் இல்லை. அது 2009-இல்தான் தொடங்கியது. சுற்றிலும் கிருமி தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்த ஊரில், குழந்தை தன் சொந்த எதிர்ப்பாற்றலால் மட்டும் தாங்கி நின்றதை அந்த எண் காட்டுகிறது. இன்று ஊசி பரவலாக உள்ள நாடுகளில் இப்படி ஒரு ஆய்வைச் செய்யவே முடியாது. ஊசி போட்ட பிள்ளைக்கு ஆறு வயதில் நோய் வரவில்லை என்றால், அது அவன் உடலில் உள்ள எதிர்ப்பொருளாலா, அந்தக் கிருமியே ஊரில் அருகிவிட்டதாலா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கடும் நோய் பெரும்பாலும் முதல் இரண்டு வயதில்தான் வருகிறது. ஐந்தாம், ஆறாம் வருடங்களில் நோயாளிகளே மிகக் குறைவு. ஆகவே கடைசி வருடங்களைப் பற்றி எந்தப் பின்தொடர்தலும் உறுதியான குரலில் பேசாது.

அதே ஆய்வின் மறுபக்கம் கசப்பானது. ஹெச்ஐவி உள்ள குழந்தைகளில் தொடக்கத்தில் 65 சதவீதமாக இருந்த பாதுகாப்பு, ஆறு வருடக் கணக்கில் சுமார் 39 ஆக விழுந்தது. ஹெச்ஐவி சிகிச்சை பரவலாகக் கிடைக்காத காலம் அது. ஊசி எவ்வளவு காலம் தாங்கும் என்பது ஊசியை மட்டும் பொறுத்ததல்ல, அதை வாங்கிக்கொள்ளும் உடலையும் பொறுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண் எனக்குத் தெரிந்து இல்லை.

பூஸ்டர் இல்லாமலே ஆறு வருடம் நின்றது என்றால், பிறகு ஏன் பல நாடுகள் ஒரு வயதை ஒட்டி ஒரு தவணை போடுகின்றன? இதற்கு ஆஸ்திரேலியா பதில் வைத்திருக்கிறது. 2005 முதல் அங்கே பெரும்பாலான குழந்தைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் மூன்று தவணை போட்டார்கள். நோய் நன்றாகவே குறைந்தது. ஆனால் வருடங்கள் ஓட ஓட, மூன்று தவணையும் போட்டுக்கொண்ட பிள்ளைகளிலேயே ஒரு வயதுக்குப் பிறகு ஊசியில் உள்ள வகைகளால் நோய் வருவது தெரிந்தது. கடைசித் தவணையிலிருந்து எவ்வளவு காலம் தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்கு அந்த வாய்ப்பு கூடியது. 2018 ஜூலையில் அட்டவணையை மாற்றினார்கள். கவனியுங்கள், ஊசியின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. ஆறாம் மாதத் தவணையை எடுத்துப் பன்னிரண்டாம் மாதத்துக்குத் தள்ளினார்கள், அவ்வளவுதான். அதே மூன்று ஊசி. எப்போது போடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். பல மாத இடைவெளிக்குப் பிறகு வரும் தவணை, அதற்குள் முதிர்ந்துவிட்ட நினைவுச் செல்களைத் தட்டி எழுப்பி, எதிர்ப்பொருளை முன்பைவிட உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கத் தொடங்குகிறதோ அவ்வளவு காலம் தாங்கும்.

அந்த உயரம் இன்னொரு காரியத்தையும் செய்கிறது. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகள்தான் இந்தக் கிருமியை ஊருக்கெல்லாம் கொண்டுசேர்ப்பவர்கள். அவர்கள் மூக்கில் அது குடியேறாவிட்டால் கைக்குழந்தைக்கும் போகாது, தாத்தா பாட்டிக்கும் போகாது. அமெரிக்காவில் 1990-களின் கடைசியில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் லட்சத்துக்குச் சுமார் 99 பேருக்கு நியூமோகாக்கல் கடும் நோய் வந்தது. 2007-இல் அது சுமார் 24 ஆகக் குறைந்தது. இது எதிர்பார்த்ததுதான். அந்த ஏழு வகைகளால் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வந்த நோயும் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததைத்தான் பலர் எதிர்பார்க்கவில்லை. அந்த முதியவர்களில் யாரும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் இல்லை.

'எத்தனை வருடம்' என்ற கேள்வியின் பொருளே இங்கேதான் மாறுகிறது. பிரிட்டன் 2020 ஜனவரியிலிருந்து குழந்தைகளுக்கு இரண்டே தவணைதான் போடுகிறது: 12 வாரத்தில் ஒன்று (2025 ஜூலையிலிருந்து 16 வாரத்தில்), ஒரு வயதில் ஒன்று. முதல் வருடத்தில் அந்தக் கைக்குழந்தையின் சொந்த எதிர்ப்பொருள் முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தெரிந்தே செய்தார்கள். மூத்த பிள்ளைகளிடம் கிருமி புழங்காததால் கைக்குழந்தைக்கு அது வந்துசேரும் வாய்ப்பே மிகக் குறைவு என்ற கணக்கு. ஊரில் ஊசி போடுவோர் எண்ணிக்கை சரிந்தால் அந்தக் கணக்கும் சரியும். அப்புறம் இன்னொன்று: இந்தக் கேடயம் அந்தந்த இடத்துக்கு மட்டுமே உரியது. ஊசி பரவலாக உள்ள நாட்டில் இரண்டு தவணையோடு நிற்கும் குழந்தை, ஊசி எட்டாத இடத்துக்குக் குடிபெயர்ந்தால் அதே கேடயம் கூட வராது.

ஊசி தேய இன்னொரு வழியும் உண்டு. உடலுக்குள் எதிர்ப்பொருள் குறையாமலே, வெளியில் கிருமி மாறிக்கொள்ளலாம். பிசிவி7 வந்து சில வருடங்களில், அந்த ஏழில் இல்லாத 19ஏ என்ற வகை பல நாடுகளில் தலைதூக்கியது. காலியான இடத்தை அது பிடித்துக்கொண்டது. 2010-இல் வந்த பிசிவி13 அதையும் சேர்த்துக்கொண்டது. உடனே வேறு வகைகள் எழுந்தன. பதினைந்தும் இருபதும் பிறந்த கதை இதுதான். ஆக, 2005-இல் பிறந்து ஏழு வகை ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் எதிர்ப்பாற்றல் அப்படியே குறையாமல் இருந்தாலும், இன்று புழங்கும் வகைகளில் பலவற்றை அது அடையாளம் காணாது.

அந்த 3-ஆம் வகைக்கு வருவோம். பிசிவி13-இல் அது இருக்கிறது. ஊசி போட்டால் எதிர்ப்பொருளும் உண்டாகிறது. ஆனாலும் மற்ற வகைகளைப் போல அது அடங்கவில்லை. அதன் உறை தடிமனானது; கிருமியின் மேல் இறுக ஒட்டியிருக்காமல் கழன்று விழுந்துகொண்டே இருக்கும். வரும் எதிர்ப்பொருளை அந்தக் கழிந்த உறைகளே உறிஞ்சிவிடுகின்றன. இணைப்புத் தடுப்பூசி என்ற யோசனைக்கு முயலில் முதல் வெற்றி தந்த வகை, மனிதரிடம் அதற்கு மிகவும் முரண்டு பிடிக்கிறது.

காதுத் தொற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்லாந்துச் சோதனையில் ஊசியில் உள்ள வகைகளால் வந்த நடுக்காதுத் தொற்று 57 சதவீதம் குறைந்தது. எல்லாக் காதுத் தொற்றையும் சேர்த்துப் பார்த்தால் 6 சதவீதம் மட்டுமே. 'ஊசி போட்டும் பிள்ளைக்குக் காது வலி வருகிறதே, வீரியம் போய்விட்டதோ' என்று கவலைப்படுபவர்களுக்கு இந்த இரண்டு எண்கள் போதும். பெரும்பாலான காது வலிக்குக் காரணம் வேறு கிருமிகள்.

சரி, ஆறு வயதுக்குப் பிறகு? ஊசியின் எதிர்ப்பொருள் தாழ்ந்திருக்கும் அந்த வயதில் பூஸ்டர் ஏன் போடுவதில்லை? கடும் நியூமோகாக்கல் நோயின் வயதுக் கணக்கைப் பார்த்தால் தெரியும். இரண்டு வயதுக்குள் உச்சம். பிறகு சரிந்து, பள்ளிப் பிள்ளைகளிலும் இளைஞர்களிலும் மிகக் குறைவு. முதுமையில் மறுபடியும் ஏறும். ஊசியே இல்லாத காலத்திலும் இப்படித்தான் இருந்தது. உடல் முதிர்வதால் வெறும் சர்க்கரை உறைக்கே எதிர்ப்பொருள் செய்யப் பழகிக்கொள்கிறது. மூக்கில் வந்துபோகும் கிருமிகள் ஒவ்வொன்றும் ஓர் இலவசத் தவணை போல வேலை செய்கின்றன. ஊசி செய்யும் வேலை, ஆற்றைக் கடக்கும் வரை கையைப் பிடித்துக்கொள்வது. கரையேறிய பிறகும் அந்தக் கை பிடித்திருக்கிறதா என்பது ஆரோக்கியமான பிள்ளைக்கு அவ்வளவு முக்கியமில்லை. அதனால்தான் ஊசியே போடாத ஆரோக்கியமான மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்குப் பல அட்டவணைகளில் ஒரே தவணை போதும் என்கிறார்கள். ஐந்து வயதைத் தாண்டிவிட்டால் பொதுவாக வற்புறுத்துவதில்லை. இடையில் தவணை தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கரையேறவே முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். மண்ணீரல் இல்லாதவர்கள், சிக்கிள் செல் நோய் உள்ளவர்கள், நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஹெச்ஐவி உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், காது கேட்க உட்செவியில் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தியவர்கள். இவர்களுக்கு மேலே சொன்ன ஐந்தாறு வருடக் கணக்கு பொருந்தாது. இரண்டு வயதுக்குப் பிறகு கூடுதல் தவணை உண்டு. சில நாடுகளில் 23 வகை ஊசியும், சிலருக்கு ஐந்து வருடம் கழித்து அதையே மறுபடியும் போடுவார்கள். அதற்காக அந்தச் சர்க்கரை ஊசியை அடிக்கடி போடுவதும் நல்லதல்ல. ஃபிஜியில் ஒரு வயதில் அதைப் பெற்ற குழந்தைகள், பிறகு அதே உறையை மறுபடி சந்தித்தபோது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக எதிர்ப்பொருள் செய்தார்கள். இருக்கும் நினைவுச் செல்களை அது செலவழித்துவிடுவதாகக் கருதுகிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கோ, சிறு வயதில் போட்டதெல்லாம் போடாததற்குச் சமம். புதிய மஜ்ஜைக்குப் புதிதாக எல்லாத் தவணையும் தொடங்க வேண்டும். இந்தப் பட்டியலில் உள்ள பிள்ளையின் பெற்றோர் 'எத்தனை வருடம்' என்று பொதுவாகக் கேட்காமல், அடுத்த தவணை எந்தத் தேதி என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

முதியவர்களிடமிருந்து ஒரு ஒப்பீடு கிடைக்கிறது. நெதர்லாந்தில் 65 வயது கடந்த 84,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பிசிவி13-ஐ ஒரே தவணையாகச் சோதித்தார்கள். ஊசியில் உள்ள வகைகளால் வரும் கடும் நோய் 75 சதவீதம் குறைந்தது. ஏறத்தாழ நாலு வருடப் பின்தொடர்தல் முடியும் வரை அது தளரவில்லை. தளர்ந்த வயதிலேயே ஒரு தவணை இவ்வளவு நிற்கிறது என்றால், குழந்தைகளுக்கான ஐந்தாறு வருடக் கணக்கு மிகையான நம்பிக்கை இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இணைப்புத் தடுப்பூசியை முதன்முதலில் வழக்கமான தவணையாகப் பெற்ற அமெரிக்கக் குழந்தைகள் 2000-இல் பிறந்தவர்கள். அவர்கள் இன்னும் இருபதுகளில்தான் இருக்கிறார்கள். நோய் மிகக் குறைவாக இருக்கும் பள்ளத்தில் நிற்கிறார்கள். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு இந்த ஊசியைப் பரிந்துரைக்கும் வயதை 2024-இல் 65-லிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். அந்தக் கணக்கில் முதல் தலைமுறை மறுபடியும் ஊசிக்கு வரிசையில் நிற்கப்போவது 2050-இல். அவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது ஏற்றப்பட்ட அந்த ஏழு வகைகளில் எத்தனை அப்போது புழக்கத்தில் இருக்கும் என்பது, அதற்குள் பிறக்கப்போகும் குழந்தைகள் எத்தனை பேர் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.